வேட்டை ரைபிளை ‘டியூன்’ பண்ணக் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்

பென்சில்வேனியாவில் மான் சீசன் நெருங்குகிறது. இலேசு ரைபிள் வைத்திருப்பவர்கள் யாராவது அதைக் கன்ஸ்மித்திடம் (துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம்) கொடுத்துக் கட்டையையும் (துப்பாக்கியைத் தாங்கும் மர உடல்) பேரலையும் (குழல்) சரிபண்ணிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தால், 640 டாலர் கொடுத்து நான் பட்டதைக் கேட்டுவிட்டுப் போங்கள். கடையின் பெயரையும் ஊரையும் போடவில்லை. விஷயம் சமரசத்தில் முடிந்தது, பெயரை வெளியிடமாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தனிச்செய்தியில் கேட்டாலும் சொல்லமுடியாது.

பழசாக வாங்கிய ரெமிங்டன் 700 மவுண்டன் ரைபிள் அது. 308 வின்செஸ்டர் என்ற தோட்டா அளவு, வால்நட் மரக்கட்டை, 22 அங்குல ஒல்லிப் பேரல். ஸ்கோப் இல்லாமல் 7 பவுண்டுக்குள் அடங்கும். நாள் முழுக்க மேட்டில் ஏறி இறங்குகிறவனுக்கு அந்த எடையின் அருமை தெரியும். குறை ஒன்றே ஒன்றுதான். பேரல் ஆறியிருக்கும்போது முதல் இரண்டு குண்டும் 100 கஜத்தில் பக்கத்துப் பக்கத்தில் விழும். மூன்றாவதிலிருந்து மேலே ஏற ஆரம்பிக்கும். ஐந்தாவது போகும்போது 3 அங்குலம் தள்ளிப் போயிருக்கும்.

காரணம் ஊரறிந்ததுதான். கட்டையின் முன்நுனியில் சின்னதாக ஒரு மேடு இருக்கிறது, அது பேரலைக் கீழிருந்து அழுத்திப் பிடிக்கிறது. ஒல்லிப் பேரல் சீக்கிரம் சூடாகும். சூடானால் அந்த அழுத்தம் மாறும், குண்டு விழும் இடமும் நகரும். மரம் ஈரத்துக்கு உப்பினாலும் இதே கதைதான். மானுக்கு முதல் குண்டு சரியாகப் போனால் போதும் என்று விட்டிருக்கலாம். ஆனால் குறிவைக்கும் இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை ஜீரோ பண்ணுவதற்குள் தாவு தீர்ந்துபோகிறது. ஒவ்வொரு தடவையும் ஆறவிட்டு ஆறவிட்டுச் சுடவேண்டும்.

(நடுவில் ஒன்று. எச்1பி போன்ற விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதற்கே மத்தியச் சட்டத்தில் பொதுவாகத் தடை உண்டு. வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள்தான் வழி. நண்பன் சொன்னான் என்று கடைக்குள் நுழையாமல் வக்கீலைக் கேட்டுக்கொள்ளுங்கள். பச்சை அட்டைக்காரர்களுக்கு இந்தத் தடை இல்லை.)

கடை பார்க்க நன்றாகவே இருந்தது. சுவரில் மான் தலைகள், கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏ.டி.எஃப். (துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய அரசுத் துறை) உரிமம். அடுத்தவர் துப்பாக்கியைக் கூலிக்கு வாங்கி வேலைபார்க்க அந்த உரிமம் கட்டாயம் வேண்டும். ராத்திரி கடையில் தங்கும் துப்பாக்கியைக் கணக்குப் புத்தகத்தில் ஏற்றவும் வேண்டும். இவர் அதையெல்லாம் ஒழுங்காகச் செய்தார். உரிமம் இருப்பதற்கும் கைவேலை தெரிவதற்கும் சம்பந்தம் இல்லை என்பது பிறகுதான் வெளிச்சமானது.

ரைபிளைக் கையில் வாங்கினார், போல்ட்டை இழுத்துப் பார்த்தார், குழல்வாயில் கண்ணை வைத்தார், உடனே நாலு வேலை சொல்லிவிட்டார். கட்டைக்குள் அலுமினியத் தூண் வைத்து எபாக்ஸியில் பெட்டிங், அதாவது ஆக்‌ஷன் (போல்ட் ஓடும் உலோக உடல்) ஆடாமல் உட்கார அச்சு மாதிரி படுக்கை போடுவது. முன்நுனி மேட்டைத் தேய்த்து, கட்டை எங்கும் தொடாதபடி பேரலை ஃப்ரீ ஃப்ளோட் ஆக்குவது. குழல்வாயில் கிரவுனை, அதாவது குண்டு வெளியேறும் விளிம்பை, புதிதாக வெட்டுவது. கடைசியாக கிரையோ, அதாவது பேரலை மைனஸ் 196 டிகிரி வரைக்கும் குளிரவைத்து உலோகத்தின் உள்ளிறுக்கத்தைத் தளர்த்துவது. “இத முடிச்சுட்டா அரை அங்குலத்துல மூணு குண்டும் விழும், நான் கேரண்டி” என்றார்.

என்ன தோட்டா சுடுகிறீர்கள், எத்தனை கிரெயின் (குண்டின் எடை அளவு) குண்டு, ஸ்கோப் மவுண்ட் ஸ்குரூ இறுக்கமாக இருக்கிறதா, பேரலில் படிந்த செம்பைக் கடைசியாக எப்போது சுத்தம் செய்தீர்கள்? ஒரு கேள்வியும் அவர் வாயிலிருந்து வரவில்லை. நல்ல கன்ஸ்மித் பணம் செலவாகாத இந்த விஷயங்களில்தான் ஆரம்பிப்பார். 308-இல் 150 கிரெயினிலிருந்து 165-க்கு மாறியதுமே குரூப் (குண்டுகள் விழும் பரவல்) பாதியாகச் சுருங்கும் ரைபிள்கள் உண்டு. கட்டையில் கைவைக்க வேண்டிய அவசியமே இருக்காது.

சொன்ன தேதிக்கு ரைபிள் வரவில்லை. கிரையோவுக்கு வெளியூர் அனுப்பியிருக்கிறேன், அங்கே வரிசை நீளம் என்றார். நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை இங்கே ரைபிள் சீசன் திறக்கிறது (2018 வரை சீசன் திங்கட்கிழமைகளில்தான் திறந்துகொண்டிருந்தது). அதற்கு முந்தைய வாரம் கையில் கொடுத்தார். கூடவே ஒரு டார்கெட் தாள், ரசீதோடு ஸ்டேப்பிள் பண்ணியது. மூன்று ஓட்டை, ஒன்றை ஒன்று தொட்டுக்கொண்டு. ஓரத்தில் தேதியும் என் ரைபிளின் சீரியல் எண்ணும் அவர் கையெழுத்தில் இருந்தன.

ரேஞ்சில் முதல் ஐந்து குண்டும் 4 அங்குலத்துக்குப் பரவின. ஆறவிட்டுச் சுட்டேன், அப்போதும் அதே பரவல். முன்பு முதல் குண்டையாவது நம்பலாம். இப்போது அதுவும் ஒவ்வொரு தடவை ஒவ்வொரு இடத்தில் போய் விழுகிறது.

அன்றைக்குக் கூட வந்திருந்த நண்பர் கோயம்புத்தூர்க்காரர், அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவர், இங்கேயும் மெஷின் ஷாப்பில்தான் வேலை. சட்டைப்பையில் வெர்னியர் இல்லாமல் வெளியே கிளம்பமாட்டார். கடைக்காரர் தந்த தாளையும், நான் அப்போது சுட்ட தாளையும் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணா, இந்த ஓட்டை உங்க துப்பாக்கியில வந்ததே இல்லீங்க.”

308 குண்டின் விட்டம் 7.8 மில்லிமீட்டர். தாளில் விழும் ஓட்டை அதைவிடக் கொஞ்சம் சின்னதாகத் தெரியும், சுற்றிச் சாம்பல் நிறத்தில் ஒரு வளையம் இருக்கும். என் தாளில் அந்த வளையத்தின் வெளியளவு கிட்டத்தட்ட குண்டின் அளவுக்கே வந்தது. கடைக்காரர் தாளில் அதே வளையம் 6 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. நண்பர் வீட்டில் தோட்டா நிரப்புகிறவர், பெட்டியில் வெறும் 308 குண்டுகள் இருந்தன. அதில் ஒன்றை எடுத்து ஓட்டைக்குள் மெதுவாகத் தள்ளினார். நுனி போனது, தோள்பட்டை மாட்டிக்கொண்டது, இன்னும் கொஞ்சம் அழுத்தியதும் தாள் கிழிந்தது. அது சுமார் 6 மில்லிமீட்டர் குண்டு சுடும் 243 ரைபிளின் தாள். எந்தப் புண்ணியவானுடையதோ!

வீட்டுக்கு வந்து இரண்டு ஆக்‌ஷன் ஸ்குரூவையும் கழற்றினோம். வெளியே தெரியும் ஓரம் முழுக்க எபாக்ஸி கறுப்பாக, வரி போட்ட மாதிரி அழகாக இருந்தது. உள்ளே தூண் என்று ஒன்றுமே இல்லை, ஸ்குரூ ஓட்டையில் வெறும் மரம். ரைபிள் உதைக்கும்போது அந்த உதையைக் கட்டைக்குக் கடத்தும் ரீகாய்ல் லக்கின் பின்பக்கம்தான் எபாக்ஸியோடு முழுசாகப் பொருந்தியிருக்க வேண்டும். அங்கே விரல்நுனி போகும் அளவுக்கு இரண்டு பொந்து. லக்கின் முன்னாலும், பக்கங்களிலும், அடியிலும் டேப் ஒட்டி இடைவெளி விடுவது பாலபாடம். இவர் விடவில்லை. அதனால் லக் அடியில் போய் முட்டி நின்று, ஆக்‌ஷன் தொட்டில் மாதிரி ஆடியது.

இதை வெளியிலிருந்தே கண்டுபிடிக்கலாம். ரைபிள் காலி என்று இரண்டு தடவை உறுதிசெய்துகொண்டு, ஸ்குரூ மேலே பார்க்கும்படி தாங்கியில் வையுங்கள். பேரலும் கட்டை நுனியும் சந்திக்கும் இடத்தில், இரண்டையும் தொட்டபடி ஒரு விரலை வைத்து முன் ஸ்குரூவை மெல்லத் தளர்த்துங்கள். பெட்டிங் ஒழுங்காக இருந்தால் விரலுக்கு ஒன்றும் தெரியாது. எனக்கு பேரல் நகர்ந்தது பளிச்சென்று தெரிந்தது. ஸ்குரூவை இறுக்குகிற ஒவ்வொரு முறையும் ஆக்‌ஷன் வளைந்து உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

முன்நுனி மேட்டைத் தேய்த்திருந்தார், ஆனால் ஒரு பக்கம் மட்டும். டாலர் நோட்டை பேரலுக்கும் கட்டைக்கும் நடுவே விட்டு இழுத்தால் இடதுபுறம் நடுவழியில் நின்றுவிடுகிறது. அதைவிட எரிச்சலான விஷயம், தேய்த்த இடத்தில் மரத்தை அப்படியே விட்டிருந்தார். வார்னிஷ், எண்ணெய் எதுவும் கிடையாது. நவம்பர் மாத மழையிலும் பனியிலும் போகிற துப்பாக்கி அது. பூச்சில்லாத அந்த மரம் தண்ணீரைக் குடித்து உப்பி மறுபடி பேரலைப் பிடித்திருக்கும்.

கிரவுன் விஷயத்துக்கு வருவோம். குண்டின் அடிப்பாகம் குழலை விட்டு வெளிவரும் நொடியில் பின்னாலிருக்கும் வாயு சுற்றிலும் ஒரே சமயத்தில் வெளியேறவேண்டும். ஒரு பக்கம் துளி பிசிறு இருந்தாலும் வாயு குண்டை ஓரமாகத் தள்ளிவிடும். அதனால்தான் லேத்தில் பேரலைப் பிடித்து, வெளிப்பக்கத்தை விட்டுவிட்டு உள்துளைக்கு டயல் வைத்து சென்டர் பார்த்து வெட்டுவார்கள். என்னுடையதில் லென்ஸ் வைத்துப் பார்த்தால் அலையலையாகச் சாட்டர் மார்க், அதாவது கட்டர் அதிர்ந்து வெட்டிய தடம். காது குடையும் பட்ஸ் ஒன்றை உள்ளே விட்டு வெளிப்பக்கமாக இழுத்தேன். பஞ்சு ஓர் இடத்தில் சிக்கி இழையாக நீண்டது. திருப்பித் திருப்பி இழுத்தாலும் அதே இடம். கை டிரில்லில் மாட்டும் கட்டர் வைத்து வெட்டியிருக்கிறார் என்றார் நண்பர்.

போல்ட்டை மூடிக் குழல்வாய் வழியாகக் குச்சியை விட்டு நீளம் அளந்தோம். 21¼ அங்குலம்தான். முக்கால் அங்குலம் என்னைக் கேட்காமலே போயிருக்கிறது. முதல் வெட்டு கோணலாகப் போய், அதை மறைக்க மறுபடி வெட்டியிருப்பார் என்பது நண்பரின் ஊகம். மானுக்கு இதில் ஒரு வித்தியாசமும் இல்லை. ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் நொடிக்குச் சுமார் 25 அடி குறையும், அவ்வளவுதான். ஆனால் பொருள் என்னுடையது. ஏற்கெனவே குட்டைப் பேரலாக இருந்து இப்படி வெட்டிக்கொண்டே போனால் சட்டச் சிக்கல் வேறு வரும். ரைபிள் பேரல் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்து நிற்கும்.

கேட்கப் போனபோது முதலில் தோட்டா சரியில்லை என்றார். பிறகு, புதுக் கிரவுன் பழகவேண்டும், இன்னும் சுடுங்கள் என்றார். கடைசியில், “இலேசு ரைபிள்னா இப்படித்தான் சார் இருக்கும், சுடறவர் கையில இருக்கு” என்றார். இதில் பாதி உண்மை இருப்பதுதான் ஆபத்து. இலேசு ரைபிளை நிதானமாகச் சுடுவது கஷ்டம்தான். உதை அதிகம், டிரிகரை இழுக்கும் சின்ன அசைவிலேயே ரைபிள் திரும்பிவிடும். இந்த உண்மைக்குப் பின்னால் எந்த மோசமான வேலையையும் ஒளித்துவைக்கலாம். அதனால்தான் இந்தத் தொழிலில் ஏமாற்றுவது சுலபம். தாளை எடுத்து 308 குண்டை அதன் மேல் வைத்ததும் பேச்சு நின்றது. தாள் எப்படியோ மாறிப்போயிருக்கும் என்று முனகினார். மாறிய தாளில் என் சீரியல் எண் எப்படி வந்தது?

ரைபிளைக் கழற்றிய நிலையில் ஒவ்வொரு பாகத்தையும் அளவுகோல் வைத்துப் படமெடுத்திருந்தோம். இந்த மாநிலத்தில் 12,000 டாலர் வரையிலான சிவில் வழக்குகளை மாஜிஸ்டீரியல் மாவட்ட நீதிபதியிடமே போடலாம், வக்கீல் வைக்கவேண்டிய கட்டாயம் இல்லை. மனுவின் நகலைக் காட்டிய பிறகுதான் இறங்கிவந்தார். பெட்டிங்குக்கும் கிரையோவுக்கும் வாங்கியது திரும்பி வந்தது. கிரவுன் கூலியைத் தரமாட்டேன் என்று நின்றுவிட்டார். அதற்குமேல் இழுக்க எனக்குத் தெம்பில்லை.

பிறகு வேறொருவரிடம் போனேன். அவர் முதல் வேலையாகப் பழைய ஸ்கோப்பைக் கழற்றி வேறொன்றை மாட்டிச் சுட்டுப்பார்க்கச் சொன்னார். கிரவுனை என் கண்ணெதிரே லேத்தில் வெட்டினார். பழைய எபாக்ஸியைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தூண் வைத்து பெட்டிங் செய்தார், மரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் பூச்சு கொடுத்தார். இப்போது ஆறவிட்டுச் சுட்டால் ஐந்து குண்டும் ஒன்றேகால் அங்குலத்துக்குள் நிற்கின்றன. அரை அங்குலம் வரவில்லை. இந்த எடை ரைபிளில் அதை எதிர்பார்க்கவும் இல்லை.

அவர் சொன்ன ஒரு விஷயத்தை முதல் கடைக்காரர் சொல்லவே இல்லை. எல்லா ஒல்லிப் பேரலும் ஃப்ரீ ஃப்ளோட்டில் நன்றாகச் சுடும் என்று நிச்சயம் கிடையாது. பக்கத்து மேற்கு வர்ஜீனியாவில் மெல்வின் ஃபோர்ப்ஸ் 1980-களில் அல்ட்ரா லைட் ஆர்ம்ஸ் என்று ஆரம்பித்துச் செய்த ரைபிள்கள் 5 பவுண்டு சுமார்தான். அவற்றில் பேரலின் முழு நீளமும் கட்டையோடு ஒட்டியே உட்காரும், துல்லியத்துக்கும் பெயர் போனவை. தேய்த்த மரம் திரும்பி வராது. ஆகவே அரத்தை எடுப்பதற்கு முன், ஆக்‌ஷனுக்கு அடியில் பழைய கிரெடிட் கார்டுத் துண்டை வைத்து பேரலைத் தற்காலிகமாகத் தூக்கிச் சுட்டுப்பார்க்கச் சொல்லுங்கள். குரூப் சுருங்கினால் தேய்க்கட்டும். மாட்டேன் என்றால் ரைபிளை வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கொடுப்பதற்கு முன்னால் பேரல் நீளத்தைக் குச்சி விட்டு அளந்து ரசீதில் எழுதவையுங்கள். மூன்று குண்டுத் தாளை ஒப்புக்கொள்ளாதீர்கள். மூன்று குண்டு எந்த ரைபிளிலும் அதிர்ஷ்டத்தில் ஒட்டி விழும். ஐந்து குண்டாக இரண்டு தாள் வேண்டும், எந்தத் தோட்டா என்றும் எழுதியிருக்கவேண்டும். முடிந்தால் சுடும்போது கூடவே இருங்கள்.

பேரலில் வரிப்பள்ளம் வெட்டி எடையைக் குறைக்கலாம் என்று சொன்னால் யோசியுங்கள். இருக்கிற ஒல்லிப் பேரலில் இன்னும் உலோகத்தை எடுத்தால் விறைப்பு குறையத்தான் செய்யும். கிரையோ பற்றி பேரல் தயாரிப்பாளர்களுக்குள்ளேயே இரண்டு கட்சி; சிலர் செய்கிறார்கள், சிலர் பயனில்லை என்கிறார்கள். நீங்கள் எந்தக் கட்சியானாலும், வெளியே அனுப்பிச் செய்கிற வேலைக்கு அந்த இடத்தின் ரசீதைக் கேட்டு வாங்குங்கள். நானும் முதல் கடைக்காரரிடம் கேட்டேன். தேடித் தருகிறேன் என்றார், பிறகு பணத்தைத்தான் தந்தார்.