குவார்ட்ஸ் ஜன்னல் பி.எம்.டி.: ஆறு வருஷம் கழித்து

ஆர்கான் அயனியின் கிளர்நிலை ஆயுளை (ஆற்றல் ஏறிய அயனி ஒளி விட்டுக் கீழிறங்க எடுக்கும் நேரத்தை) அளக்கப் போகும் நண்பர், நான் வைத்திருக்கும் அதே போட்டோமல்டிப்ளையரை (பி.எம்.டி., ஒற்றை ஃபோட்டானையும் மின்துடிப்பாக்கிக் காட்டும் வெற்றிடக் குழாய்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார். பழைய குழாயைக் கழற்றிவிட்டுப் புதிதை மாட்டி பத்து நாள்தான் ஆகிறது. கோபம் இன்னும் ஆறவில்லை. அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

குறை சொல்ல முடியாத குழாய் அது. ஆர்கான் அயனி உமிழும் 488 நானோமீட்டர் நிறமாலைக் கோட்டின் மேல்நிலை ஏறக்குறைய 9 நானோசெகண்டுதான் உயிரோடு இருக்கும். எலெக்ட்ரான் துடிப்பால் தட்டி எழுப்பி, ஒவ்வொரு ஃபோட்டானாக எண்ணினால், லாக் அச்சில் புள்ளிகள் நேராக இறங்கும். வாயு அழுத்தத்தைக் குறைத்துக் குறைத்து எடுத்த அளவுகளைப் பூஜ்யம் வரை நீட்டினால் முரண்டு பிடிக்காமல் வந்து சேரும். டார்க் கவுண்ட்டும், அதாவது வெளிச்சமே இல்லாதபோது பதியும் எண்ணிக்கையும், சொற்பம்.

வினை வந்தது ஃபோட்டான் வரும் நேரத்தைப் பதியும் கார்டை மாற்றியபோது. பழைய கருவி ஒரு சுற்றுக்கு முதல் ஃபோட்டானை மட்டும் பதிந்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்ளும். புது கார்டு பின்னால் வருவதையும் பதியும். இன்னும் மேலே உள்ள நிலைகளிலிருந்து வழிந்து வரும் கேஸ்கேட் வால் எவ்வளவு நீளம் என்று பார்க்க, நேர ஜன்னலை 2 மைக்ரோசெகண்டுக்கு அகட்டினேன். சில நூறு நானோசெகண்டில் ஒரு சின்ன மேடு. கேஸ்கேட் என்றே நம்பி இரண்டு வாரம் எக்ஸ்பொனென்ஷியலாகப் பொருத்திக்கொண்டிருந்தேன். எதற்கோ குழாயின் ஹை வோல்டேஜை ஏற்றினேன். மேடு இடப்பக்கம் நகர்ந்தது. என் பவர் சப்ளை எத்தனை வோல்ட் என்று ஆர்கானுக்கு எப்படித் தெரியும்? வாயுவை அணைத்துவிட்டு எல்.இ.டி. துடிப்பைக் காட்டினேன். மேடு அப்படியே இருந்தது.

குற்றவாளி ஹீலியம். குவார்ட்ஸ் வழியாக அது மெல்ல மெல்லக் கசிந்து குழாய்க்குள் போய்விடும். உள்ளே எலெக்ட்ரான் மோதி அயனியாகி, பின்னோக்கி ஓடி, ஒளி பட்டால் எலெக்ட்ரானை விடும் போட்டோகேத்தோடில் முட்டினால், தாமதமாக ஒரு பொய்த் துடிப்பு கிளம்பும். காற்றில் ஹீலியம் பத்து லட்சத்தில் ஐந்து பங்குதான். அது போதாதென்று நாங்கள் வெற்றிடக் கலத்தில் லீக் பார்க்கிறோம் என்று குழாய்க்குப் பக்கத்திலேயே ஹீலியத்தைப் பீய்ச்சிக்கொண்டிருந்தோம். மந்த வாயுவை அளக்கும் கருவியை இன்னொரு மந்த வாயு கெடுத்திருக்கிறது!

நியாயமாகப் பார்த்தால் தவறு குழாயுடையது இல்லை. நான் எடுக்கும் 488, 434.8 நானோமீட்டர் கோடுகளுக்குப் போரோசிலிகேட் கண்ணாடியே தாராளம். அதில் ஹீலியம் நுழைவது வெகு குறைவு. 300 நானோமீட்டருக்குக் கீழேயும் ஒருநாள் பார்ப்போம் என்ற பேராசையில் குவார்ட்ஸ் கேட்டவன் நான். ஆறு வருஷத்தில் அந்தப் பக்கம் ஒரு கோடுகூட எடுக்கவில்லை.

ஆகவே நண்பரே, வாங்காதீர்கள். நான் புதிதாக மாட்டியிருப்பதும் அதே குவார்ட்ஸ்தான், செனான் அயனியை எடுக்கலாம் என்று ஓர் எண்ணம். லீக் டெஸ்ட் நாளில் மட்டும் குழாயைக் கழற்றி, கறுப்புத் துணியில் சுற்றி, பக்கத்து அறையில் வைத்துவிடுகிறேன்.