ஒப்பினல் 8: கார்பனா, ஸ்டெயின்லெஸ்ஸா?

கத்தி சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழுவில் நுழைந்தால் கிடைக்கும் முதல் உபதேசம், "கார்பனே வாங்குங்க". பிரான்ஸின் ஒப்பினல் 8-ஆம் எண் மடக்குக் கத்தி, 8.5 செ.மீ. பிளேடு, கார்பன், ஸ்டெயின்லெஸ் என இரண்டு எஃகிலும் கிடைக்கிறது.

கார்பனைச் சாணை பிடிப்பது சுலபம். புளிப்பு பட்டால் பிளேடு சாம்பலும் நீலமுமாக நிறம் மாறும். அதைப் படம் எடுத்துப் போட்டால் லைக் குவிகிறது. பார்த்தவர்களும் அதையே வாங்குகிறார்கள். வாழைக்காய் நறுக்கிக் கறுத்த அரிவாள்மணையைப் பார்த்து வளர்ந்த நமக்கு இதில் என்ன அதிசயமோ! ஆனால் குழுவில் பேசுபவர்கள் எல்லோரும் என்னைப்போல் வடசென்னைக் கடலோரக் காசிமேட்டில் குடியிருப்பவர்கள் இல்லை. இங்கே உப்புக் காற்றில், துடைத்துத் தேங்காய் எண்ணெய் தடவாமல் வைத்தால் சீக்கிரமே துரு பிடிக்கும்.

ஸ்டெயின்லெஸ்ஸில் குறைந்தது 10.5 சதவீதம் குரோமியம் இருக்கும், துருவை நன்றாகவே தாங்கும். நிறம் மாறாது, அதனால் குழுவில் மவுசும் இல்லை. சாணைக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம், அவ்வளவுதான்.

பீச் (beech) மரப்பிடி இரண்டிலும் ஒன்றுதான். ஈரத்தில் ஊதி, கத்தியைத் திறக்கவிடாமல் மல்லுக்கட்டும். ராயபுரம், தண்டையார்பேட்டை பக்கம் ஒன்றே ஒன்று வாங்குவதானால் ஸ்டெயின்லெஸ்தான் என் ஓட்டு. எண்ணெய் தடவுவதே சுகம் என்பவர்கள் மட்டும் கார்பன் பக்கம் போகலாம்.