மடிக்கணினியை விட்டு மேசைக்கணினிக்கு மாறிய மூன்று சாரல் காலங்கள்

2022 ஜூனில் என் மடிக்கணினியை அண்ணன் மகனின் படிப்புக்குக் கொடுத்துவிட்டு, செங்கோட்டை வீட்டு மாடி அறையில் ஒரு மேசைக்கணினியை வைத்தேன். நிரல் எழுதுவதுதான் என் பிழைப்பு. அன்றிலிருந்து மூன்று சாரல் காலங்கள் அதிலேயே வேலை செய்துவிட்டேன். இதை வாங்கலாமா என்று யோசிக்கும் நிரலர்களுக்காக இந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

மாறியதற்குக் காரணம் ஒரு ரயில் பயணம். செங்கோட்டை 1956 நவம்பர் வரை திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த ஊர். எங்கள் சொந்தங்களில் பாதிப் பேர் இன்றும் மலைக்கு அந்தப் பக்கம்தான். புனலூரில் அக்கா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். 1904இல் மலையைக் குடைந்து போட்ட அந்தப் பாதை, அகலப்பாதையாக மாறி 2018இல்தான் மீண்டும் முழுமையாக ஓடத் தொடங்கியது. ஆரியங்காவைத் தாண்டிக் கழுதுருட்டியின் பதின்மூன்று கண் பாலத்தில் வண்டி ஏறியபோது, "அம்மா, கீழே பார்" என்று என் மகள் கையைப் பிடித்து இழுத்தாள். என் மடியில் கணினி. அதில் ஒரு பிழைச்செய்தி. படித்து முடித்து நிமிர்ந்தபோது பாலம் பின்னால் போயிருந்தது. அந்தப் பிழையை மறுநாள் காலையில் பார்த்திருந்தாலும் யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. அன்றிரவு அக்கா வீட்டில் எனக்குத் தூக்கமே வரவில்லை.

கணினிக்கு ஆறு உள்ளகம் (கோர்) கொண்ட செயலி (பிராசசர்), 16 ஜிபி நினைவகம், 24 அங்குலத் திரை, டெபியன் என்னும் லினக்ஸ் இயங்குதளம் என்று தேர்ந்தெடுத்தேன். என் வேலைக்கு இது தாராளம். மேசைப் பலகையைப் பிரானூர் மரக்கடை ஒன்றில் அறுத்து வாங்கினேன். திரை கண்ணுக்கு நேராக இருப்பதாலும் விசைப்பலகை தனியாக இருப்பதாலும், இரண்டு ஆண்டுகளாக இருந்த கழுத்து வலி நான்கே மாதங்களில் குறைந்தது. இந்த ஒன்றுக்காகவே வாங்கலாம் என்பேன்.

ஆனால் முதல் ஆறு மாதம் தோல்விதான். மடிக்கணினி விட்ட இடத்தைக் கைபேசி பிடித்துக்கொண்டது. அடுப்படியில் நின்றபடி அலுவலக அரட்டைக்குப் பதில் அனுப்பினேன். பிறகு வேலை தொடர்பான செயலிகள் எல்லாவற்றையும் கைபேசியிலிருந்து நீக்கினேன். அவசரம் என்றால் அழையுங்கள் என்று குழுவினரிடம் சொன்னேன். ஒரு நாளைக்கு நாற்பது செய்தி அனுப்பியவர்கள் மாதத்துக்கு இரண்டு முறைதான் அழைக்கிறார்கள்.

அடுத்த சிக்கல் இரவு. மாலை 6.50க்குக் கணினி எச்சரித்துவிட்டு, ஏழு மணிக்குத் தானாக அணையும்படி குறித்த நேரத்தில் கட்டளைகளை இயக்கும் கிரானில் ஒரு வரி சேர்த்தேன். முதல் மாதம் பெரும்பாலான நாட்களில் நானே அதை ரத்து செய்தேன். ரத்து செய்ய ரூட் உரிமை, அதாவது கணினியின் முழு நிர்வாக உரிமை, வேண்டும் அல்லவா? அதனால் என் கணக்கிலிருந்து அந்த உரிமையை எடுத்துவிட்டு, ரூட் கடவுச்சொல்லை 24 எழுத்துகளில் புதிதாக உருவாக்கினேன். அதை ஒரு தாளில் எழுதி, கீழே அம்மாவின் பீரோவில் வைக்கக் கொடுத்தேன். ஞாயிறு காலையில் தாளை வாங்கி மென்பொருள் புதுப்பிப்புகளை முடித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பேன். நேரத்தை நினைவூட்டும் எத்தனையோ செயலிகளைப் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன். படியிறங்கிப் போய் அம்மாவிடம் கேட்க வேண்டும் என்பதைப் போல எதுவும் என்னைத் தடுத்ததில்லை.

இந்த ஊருக்கே உரிய தொல்லைகளையும் சொல்ல வேண்டும். ஜூன், ஜூலையில் ஆரியங்காவுக் கணவாய் வழியாக வரும் காற்றில் கிளைகள் முறிந்து விழும். மின்சாரம் போகும். நான் முதலில் வாங்கிய 600 விஏ யூபிஎஸ் பத்து நிமிடம்தான் தாங்கியது. நிரலைச் சேமித்து, மாற்றங்களைக் காத்துவைக்கும் கிட்டில் பதிய அது போதும், வேலையைத் தொடரப் போதாது. வீட்டில் இருந்த பழைய சதுர அலை இன்வெர்ட்டரை யூபிஎஸ் ஏற்கவில்லை. சீரான அலையில் மின்சாரம் தரும் சைன் அலை இன்வெர்ட்டர் மாற்றிய பிறகே நிம்மதி. மொத்தச் செலவில் இதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள்.

ஈரம் இன்னொன்று. 2023 சாரலில் அக்கா வீட்டுக்குப் போய்ப் பத்து நாள் கழித்துத் திரும்பினேன், கணினி எழவில்லை. நினைவகப் பலகையைக் கழற்றி, அதன் பொன்னிற முனைகளை மகளின் அழிப்பானால் மெல்லத் தேய்த்துப் பொருத்தினேன். உயிர் வந்தது. அதிலிருந்து அந்தப் பருவத்தில் வெளியூர் போனால், தினமும் ஒரு மணி நேரம் அதை ஓடவிடச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

வாரக்கணக்கில் வாடிக்கையாளர் அலுவலகங்களுக்கு அலைபவர்களுக்கு இது சரிப்படாது. எனக்கும் இழப்புகள் உண்டு. வெளியூரிலிருந்து செய்யக்கூடிய ஒரு நல்ல வேலையை இதனால் விட்டேன். அதில் வருத்தம் இருக்கிறது. ஆனால் நிரலின் சோதனைகள் ஓடி முடியும் பதினோரு நிமிடத்தில் இப்போது துணி உலர்த்துகிறேன். குண்டாறு அணை நிரம்பி வழிகிறது என்று தெரிந்தால் அன்று மாலையே மகளோடு போகிறேன். 36 அடி அணை, சீக்கிரம் நிரம்பிவிடும். தள்ளிப்போட்டால் அந்த முதல் வழிதலைப் பார்க்க முடியாது.

வார நாட்களில் இந்த ஆண்டு நான்கு முறை மட்டும் அந்தத் தாளைக் கேட்டிருக்கிறேன். நான்கு முறையும், "எத்தனை மணிக்குத் திருப்பித் தருவாய்?" என்று கேட்டுவிட்டுத்தான் அம்மா பீரோ சாவியை எடுத்தார்.