எச்எஸ்கே நான்காம் நிலை: காகிதமா, கணினியா?

எச்எஸ்கே சீன மொழித் தேர்வுக்குப் பதிவு செய்யப் போகிறவர்கள், எந்த நிலை என்று முடிவு செய்த கையோடு இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும். பென்சில் பிடித்துக் காகிதத்தில் எழுதுவதா, கணினி முன் உட்கார்ந்து எழுதுவதா? நான் நான்காம் நிலையைக் கணினியில் எழுதித் தேறினேன். என் சித்தி மகன் அதே நிலையைக் காகிதத்தில் எழுதித் தேறினான். என் சாய்வு கணினிப் பக்கம்தான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கரூர். சில வருடங்களாகச் சீனாவின் ஜெஜியாங் மாகாணத்தில், ஷாவ்சிங் நகரின் கெச்சியாவ் துணி மார்க்கெட்டில், இந்தியாவுக்குத் துணி வாங்கி அனுப்பும் ஒரு அலுவலகத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். சீனாவில் வெளிநாட்டவருக்கான வேலை அனுமதியில் புள்ளிக் கணக்கு உண்டு. நான்காம் நிலைக்கு 4 புள்ளி. 60 புள்ளியைத் தொட முட்டி மோதுகிறவனுக்கு அந்த நான்கு சின்ன விஷயம் இல்லை. சித்தி மகனான அந்தத் தம்பி சீனாவில் மருத்துவம் படிக்கிறான். மருத்துவமனைப் பயிற்சிக்கு அனுப்பும் முன் நான்காம் நிலை வேண்டும் என்று அவன் கல்லூரியில் கேட்டார்கள். இப்படிக் கேட்கும் கல்லூரிகள் அங்கே நிறைய.

பொதுவான சங்கதிகளை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டுக்கும் பாடத்திட்டம் ஒன்றுதான். 1200 சொற்கள், 100 கேள்விகள், 300 மதிப்பெண்ணுக்கு 180 எடுத்தால் தேர்ச்சி. சான்றிதழுக்கும் ஒரே மதிப்பு. பல்கலைக்கழகச் சேர்க்கை என்றால் தேர்வு நாளிலிருந்து இரண்டு வருடம் செல்லும். காகிதத் தேர்வுக்கு 27 நாள் முன்னாலேயே பதிவு முடிந்துவிடும், கணினிக்கு 10 நாள் முன்பு வரை நேரம் இருக்கிறது. முடிவு கணினியில் இரண்டு வாரத்தில் வரும், காகிதத்தில் ஒரு மாதம் ஆகும். விசா தேதி நெருங்குகிறவர்களுக்கு இந்த இடைவெளியே போதுமான காரணம். 2021இல் ஒன்பது நிலைத் தரம் ஒன்று வெளியானது. நாங்கள் இருவரும் எழுதியது அதற்கு முந்தைய, 2010இல் வந்த ஆறு நிலை வடிவத்தில். இங்கே சொல்வதெல்லாம் அதைப் பற்றித்தான்.

நம் ஆட்களுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை, இது இரண்டு வகைக்கும் பொருந்தும். பதிவுப் படிவம் குடும்பப் பெயர், சொந்தப் பெயர் என்று இரண்டாகக் கேட்கும். நம்மில் பலருக்குப் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருக்கும், இல்லையென்றால் அப்பா பெயர் இருக்கும். பாஸ்போர்ட்டில் இருப்பது மாதிரியே போடுங்கள், இனிஷியலை உங்கள் இஷ்டத்துக்குச் சேர்க்காதீர்கள். கட்டம் காலி என்றால் பணம் கட்டும் முன்பே தேர்வு மையத்தைக் கேட்டுவிடுங்கள். நான் கேட்காமல் போட்டுவிட்டேன். அப்புறம் நுழைவுச் சீட்டில் பெயரைத் திருத்த இரண்டு முறை அலைய வேண்டி வந்தது.

கேட்டல் பகுதியில் கணினிக்கு ஹெட்போன், காகிதத்துக்கு அறையில் ஸ்பீக்கர். நான்காம் நிலையிலிருந்து ஒலியை ஒரே முறைதான் போடுவார்கள், அதனால் ஹெட்போன் எனக்கு நிம்மதியாக இருந்தது. வாசிப்பில் காகிதம்தான் மேல். முக்கியமான சொல்லின் கீழே கோடு போடலாம், ஒத்துவராத விடையை அடிக்கலாம். திரையில் அதெல்லாம் நடக்காது. 40 நிமிடத்தில் 40 கேள்வி. எனக்குக் கண் எரிந்தது.

சரி, என்னை முடிவெடுக்க வைத்தது எழுத்துப் பகுதி. அதில் வெறும் 15 கேள்விகள். ஆனால் மதிப்பெண் 100, அதாவது 45 கேள்வி உள்ள கேட்டல் பகுதிக்குச் சமம். முதல் பத்தில் கலைத்துப் போட்ட சொற்களை வரிசைப்படுத்த வேண்டும். எழுத்துகள் கண்ணெதிரே இருப்பதால் காகிதத்திலும் பார்த்து எழுதிவிடலாம். கடைசி ஐந்தில்தான் சிக்கல். ஒரு படம், ஒரு சொல். அந்தச் சொல்லை வைத்துச் சொந்தமாக வாக்கியம் எழுத வேண்டும், மற்ற எழுத்தெல்லாம் நினைவிலிருந்து வர வேண்டும். கை பழகாதவன் அங்கே என்ன செய்வான் என்றால், மனதில் வந்த நல்ல வாக்கியத்தை விட்டுவிட்டு, தனக்கு எழுத வரும் எழுத்துகளுக்குள் அடங்குகிற வாக்கியத்தைத் தேடுவான். மாதிரித் தாள்களில் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன்.

கையெழுத்துக்குப் பராமரிப்பு அதிகம். ஒருமுறை கற்றால் நிற்காது. கட்டம் போட்ட நோட்டு வாங்கி ஆறு வாரம் உட்கார்ந்து சுமார் 300 எழுத்துகளைக் கையில் ஏற்றினேன். அப்புறம் ஆர்டர் சீசன் வந்தது, இரண்டு மாதம் நோட்டைத் தொடவில்லை. திரும்பி வந்து ஒரு நண்பரைச் சொல்லச் சொல்லி எழுதிப் பார்த்தால் பாதிகூடத் தேறவில்லை. சாயம் என்பதற்கான எழுத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே இடப்பக்கம் தண்ணீரைக் குறிக்கும் மூன்று துளிகள், வலப்பக்கம் ஒன்பது என்பதற்கான எழுத்து, அடியில் மரத்துக்கான எழுத்து. சாயப்பட்டறைக்காரர்களுக்குத் தினமும் அதை டைப் செய்து அனுப்புகிறேன். எழுதச் சொன்னபோது அந்த ஒன்பதின் மேல் ஒரு புள்ளி வைத்துவிட்டேன். அது தவறு, சீனர்களே அடிக்கடி செய்கிற தவறு. பேனாவை எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று அவர்களே நான்கு எழுத்தில் ஒரு தொடர் வைத்திருக்கிறார்கள். 2013இல் சீன மத்தியத் தொலைக்காட்சி நடத்திய எழுத்துப் போட்டியில், தேரை என்ற சொல்லைச் சரியாக எழுத முடியாமல் பெரியவர்கள் பலர் திணறினார்கள்.

தட்டச்சுக்கு அந்தப் பராமரிப்பு தேவையில்லை, வேலையே அதைச் செய்துவிடுகிறது. காலையிலிருந்து இரவு வரை வீசாட் செயலியில் மில்காரரோடு துணியின் எடை (ஜிஎஸ்எம்), சாம்பிள், டெலிவரி தேதி என்று பின்யினில் தட்டிக்கொண்டே இருக்கிறேன். பின்யின் என்பது சீன ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதும் முறை; அதைத் தட்டினால் பொருந்தும் சீன எழுத்துகள் பட்டியலாக வரும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். தேர்வுக்கு என்று தனியாகப் பழக வேண்டியது குறைவு.

ஆனால் கைப்பேசியில் தட்டுகிறவன் கணினியிலும் தட்டிவிடுவான் என்று நினைத்து ஏமாறாதீர்கள். கைப்பேசி நம் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு, இரண்டு எழுத்து தட்டியதும் முழுச் சொல்லையும் நீட்டும். தேர்வுக் கணினிக்கு நம்மைத் தெரியாது. அடுத்து, எங்கள் ஜெஜியாங் பக்கம் 'ஷ'வையும் 'ஸ'வையும் குழப்பிப் பேசுவார்கள், நான்கும் பத்தும் ஒன்று போலவே கேட்கும். அதைக் காதால் கற்ற எனக்குப் பின்யினிலும் அதே குழப்பம். கைப்பேசியில் நெருக்கமான ஒலிகளை ஒன்றாக எடுத்துக்கொள்ளும் அமைப்பு இருந்ததால் அது பல நாள் தெரியாமலே போயிற்று. இன்னொன்று, பச்சை, பெண், பயணம் ஆகிய சொற்களில் வரும் உதடு குவித்த ஒலிக்கு விசைப்பலகையில் தனி எழுத்து கிடையாது, 'வி' விசையைத் தட்ட வேண்டும். இது தெரியாமல் உட்கார்ந்தால் பச்சைச் சட்டையைப் பற்றி ஒரு வரி எழுத முடியாது. ஒரே ஒலியுள்ள சொற்களும் உண்டு. 'இருக்கிறது' என்பதும் 'மறுபடி' என்பதும் ஒரே 'ட்சாய்'. பட்டியலில் முதலில் வருவதை அவசரத்தில் அழுத்தினால் வாக்கியம் கெட்டது.

தம்பி கதை வேறு. முதல் வருடத்திலிருந்தே தினமும் ஒரு பக்கம் எழுத வைத்த ஆசிரியர் அவனுக்குக் கிடைத்தார். அந்தக் கைக்குக் காகிதம்தான் சரி. அவன் சொன்ன ஒன்றை நான் மறுக்க மாட்டேன். கையால் எழுதியவனுக்கு வாசிப்பில் ஒத்த எழுத்துகள் குழம்புவதில்லையாம். வாங்குவது, விற்பது என்ற இரண்டு எழுத்துகளுக்கும் இடையே, விற்பதன் மேலே இருக்கும் ஒரு சின்னச் சிலுவைதான் வித்தியாசம். துணி வியாபாரத்தில் இருந்துகொண்டு நான் அதைப் பலமுறை மாற்றிப் படித்திருக்கிறேன், அவன் ஒருமுறைகூட மாற்றியதில்லை.

மற்ற நிலைகளில் எனக்கு நேரடி அனுபவம் இல்லை. முதல் இரண்டு நிலைகளில் எழுத்துப் பகுதியே கிடையாது, அதனால் எந்தத் தேதி வசதியோ அதை எடுக்கலாம். மூன்றாம் நிலையில் ஐந்து கேள்விகளுக்குப் பின்யினைக் கொடுத்து எழுத்தைக் கேட்கிறார்கள். விசைப்பலகை இருந்தால் அது பாதி விடை கையில் இருப்பது மாதிரிதான். ஐந்தாம் நிலையில் 80 எழுத்தில் இரண்டு பத்திகள், ஆறாம் நிலையில் 400 எழுத்தில் சுருக்கம். அங்கே கணினியின் லாபம் இன்னும் கூடும் என்று தோன்றுகிறது. ஆனால் எழுதிப் பார்த்துச் சொல்லவில்லை.

கணினி என்று பதிவு செய்தால் அன்று இரவே கைப்பேசியில் அந்த ஒலி மன்னிப்பு அமைப்பை அணைத்துவிடுங்கள். ஒரே கட்டத்தில் பல எழுத்துகள் இருக்கும் ஒன்பது கட்ட விசைப்பலகை வைத்திருப்பவர்கள் முழு விசைப்பலகைக்கு மாறுங்கள். முதல் வாரம் மில்காரருக்கு ஒரு செய்தி அனுப்ப எனக்கு இரண்டு மடங்கு நேரம் ஆயிற்று. மூன்றாம் வாரத்தில் விரலுக்கு 'ஷ'வும் 'ஸ'வும் தனித்தனியாகத் தெரிந்துவிட்டது.