யாஷிகா எலக்ட்ரோ 35 ஜி.எஸ்.என்.: ஏழு வருடம், மூன்று முறை பிரித்த பிறகு

"அண்ணே, எலக்ட்ரோ ஒண்ணு வந்திருக்கு. நாலாயிரத்து ஐநூறு சொல்றாங்க. வாங்கலாமா?" என்று போன வாரம் தெரிந்த தம்பி ஒருவன் கேட்டான். எலக்ட்ரோ என்றால் யாஷிகாவின் பழைய பிலிம் கேமரா. ஜி.எஸ்.என். அதில் ஒரு மாடல். தை மாதம் அவன் தங்கைக்குக் கல்யாணம். அதற்குள் பிலிமில் எடுத்துப் பழகிவிட வேண்டும் என்று ஆசை. அவன் கூப்பிட்ட நேரத்தில் என்னுடைய ஜி.எஸ்.என். மூன்றாவது முறையாகப் பிரிந்து, மேசையில் எவர்சில்வர் தட்டு முழுக்கத் திருகுகளாகக் கிடந்தது. எழுதியே அனுப்புகிறேன் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

45 மி.மீ. லென்ஸ், எஃப் 1.7, அப்பர்ச்சரை, அதாவது லென்ஸ் எவ்வளவு திறக்க வேண்டும் என்று சொல்லும் எஃப் எண்ணை, நாம் வைத்தால் எவ்வளவு நேரம் வெளிச்சம் விட வேண்டும் என்கிற ஷட்டர் வேகத்தைக் கேமராவே தேர்ந்தெடுத்துக்கொள்ளும். இதெல்லாம் அவனுக்கே தெரியும். நான் சொல்ல வேண்டியது அந்த 'டொக்' சத்தத்தையும், எரியாத விளக்கையும் பற்றி.

லீவரை இழுத்துப் பிலிமை நகர்த்தும்போது இந்தக் கேமராவுக்குள் 'டொக்' என்று கேட்க வேண்டும். நான் வாங்கியதில் அது இல்லை. லீவர் வழவழவென்று போனதால் நல்ல நிலையில் இருக்கிறது என்று நினைத்துவிட்டேன். இரண்டு ரோல் வீணான பிறகுதான் காரணம் பிடிபட்டது. ஷட்டர் பொத்தானுக்குக் கீழே இருக்கும் தண்டின் ஓட்டத்தை ஒரு சின்ன ரப்பர் துண்டுதான் அளந்து நிறுத்துகிறது. அது மட்கிப்போனால் தண்டு நிற்க வேண்டிய இடத்தில் நிற்காது, ஷட்டர் அடுத்த படத்துக்கு ஒழுங்காகத் தயாராகாது, சத்தமும் போய்விடும். வெளிநாட்டுக்காரர்கள் இதற்கு 'பேட் ஆஃப் டெத்', அதாவது 'சாவுத் துண்டு' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். இந்த மாடல் வந்தது 1973இல். ஐம்பது வருடம் கழித்து ரப்பர் மட்கினால் அதற்குச் செய்தவர்களைக் குறை சொல்வது நியாயமில்லை.

வீட்டிலேயே மாற்றிவிடலாம். முன்பக்கத் தோலை ஓரத்தில் ஸ்பிரிட் தொட்டு மெதுவாக உரிக்க வேண்டும். கீழே லென்ஸ் பலகையைப் பிடித்திருக்கும் திருகுகள் தெரியும். அவை ஜப்பானியத் தர அளவான ஜே.ஐ.எஸ். தலைகள். கடையில் கிடைக்கும் சாதாரண ஸ்டார் ஸ்குரூடிரைவரை வைத்துத் திருகினால் தலை வழுக்கி மழுங்கிவிடும். பிறகு சாமானியத்தில் கழற்ற முடியாது. பலகை கையோடு வந்ததும் இழுத்துவிடக் கூடாது, தலைமுடி மாதிரி மெல்லிய ஒயர்கள் உடலோடு ஒட்டியிருக்கும். பழைய ரப்பர் இருந்த இடத்தில் எனக்குக் கிடைத்தது கருப்பட்டிப் பாகு மாதிரி ஒரு கறை. பல்குச்சியால் சுரண்டித் துடைத்துவிட்டு, சைக்கிள் டியூபில் இரண்டு துண்டு வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி, ஒரு ராத்திரி காயவிட்டேன். மறுநாள் காலையில் லீவரை இழுத்தேன். டொக். அடுப்படியிலிருந்து "என்ன விழுந்துச்சு?" என்று மனைவி கேட்டாள். நான் மறுபடியும் மறுபடியும் இழுத்துக்கொண்டே இருந்தேன். இந்த ஏழு வருடத்தில் அந்தச் சத்தம் எனக்குக் கொஞ்சமும் சலிக்கவில்லை.

மற்ற வேலைகள் சுலபம். பின்கதவின் பள்ளத்தில் இருந்த பஞ்சு தாராகப் பிசுபிசுத்திருந்தது. வழித்து எடுத்துவிட்டுக் கறுப்பு உல்லன் நூலை வைத்து அழுத்தினேன், வெளிச்சம் கசிவது நின்றுவிட்டது. ஃபோகஸ் பார்க்கும் மஞ்சள் கட்டம் வெளுத்திருந்தது. அதற்குள் தெரியும் இரண்டு பிம்பங்களும் ஒன்றுசேர்ந்தால்தான் ஃபோகஸ் சரி. கண் வைத்துப் பார்க்கும் வியூஃபைண்டரின் முன்கண்ணாடியில், அந்தக் கட்டம் தெரிகிற இடத்துக்கு நேராக, பேப்பர் பஞ்ச் வட்டத்தைவிடச் சின்னதாகக் கறுப்பு இன்சுலேஷன் டேப் ஒட்டினேன். நேராக வரும் வெளிச்சம் அந்த இடத்தில் மட்டும் மறைந்துவிடுவதால், கட்டத்துக்குள் விழும் இரண்டாவது பிம்பம் பளிச்சென்று தெரிகிறது. காசே செலவில்லாத வேலை இது. பிடிக்காவிட்டால் நகத்தால் சுரண்டி எடுத்துவிடலாம்.

இவ்வளவும் செய்தபின் கிடைக்கும் படங்கள் இருக்கின்றனவே! எஃப் 2.8இல் வைத்து ஆறடி தூரத்தில் ஒரு முகத்தை எடுத்துப் பாருங்கள். கண் இமை முடி ஒவ்வொன்றையும் எண்ணுகிற மாதிரி இருக்கும், பின்னாலிருக்கும் சுவர் தயிர் மாதிரி கரைந்திருக்கும். ஷட்டரும் லென்ஸுக்குள்ளேயே இருப்பதால் சத்தமே வராது. தூங்கும் குழந்தையின் தலைமாட்டில் உட்கார்ந்து எடுக்கலாம். இருட்டில் 30 விநாடி வரைக்கும் தானாகவே திறந்து வைத்திருந்து, போதும் என்று தோன்றும்போது தானாக மூடும். புயலில் கரண்ட் போன ஒரு ராத்திரி, அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் அம்மா பூத் தொடுத்துக்கொண்டிருந்ததை ஜன்னல் திண்டில் கேமராவை வைத்து எடுத்தேன். விரல்கள் மட்டும் அசைந்து கலங்கி, முகம் அப்படியே நிற்கிறது. மீட்டர் பார்த்துக் கணக்குப் போட்டிருந்தால் அந்தப் படம் எனக்கு வந்திருக்காது.

ஆனால் இதன்மேல் எனக்குத் தீராத கோபம் ஒன்று உண்டு.

இந்தக் கேமராவின் வியூஃபைண்டருக்குள் தெரிவது இரண்டு விளக்குகள்தான். வெளிச்சம் அதிகமானால் சிவப்பு, குறைந்தால் மஞ்சள். சரியாக இருந்தால் இரண்டும் எரியாது. பேட்டரி இல்லாவிட்டாலும் இரண்டும் எரியாது. பேட்டரி இல்லை என்பதற்காக ஷட்டர் அடிக்காமல் நின்றுவிடும் என்று நினைக்காதீர்கள். ஒன்றும் ஆகாதது போல 1/500 விநாடி வேகத்தில் அடித்துக்கொண்டே இருக்கும். எல்லாம் சரி என்பதற்கும் எல்லாம் போச்சு என்பதற்கும் ஒரே அடையாளம்.

எங்கள் குலதெய்வக் கோயிலில் மகனுக்குக் காது குத்து. புளியமர நிழல், அதன்மேல் தார்ப்பாய்ப் பந்தல். 200 ஏ.எஸ்.ஏ. (வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு) பிலிம், எஃப் 4. அந்த வெளிச்சத்துக்கு 1/60 வந்திருக்க வேண்டும், அந்த வேகத்துக்கு விளக்கு எரியாது. எரியவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார்ந்திருந்தவன், ஆசாரி தங்கக் கம்பியை எடுத்ததும் மாமன் சட்டைப் பொத்தானை இறுகப் பிடித்துக்கொண்டான். அந்தப் பிடியை எடுத்தேன், அழுகையை எடுத்தேன், அழுது முடித்து ஜிலேபி கடித்ததை எடுத்தேன். ரோல் கழுவி வந்தபோது நெகட்டிவில் பாதிக்குமேல் எதுவும் தெரியவில்லை. ஸ்கேனில் சேற்றுத் தண்ணீருக்குள் பார்ப்பது போல உருவங்கள். மூன்று ஸ்டாப் குறைவு, அதாவது 1/60க்குப் பதில் 1/500இல் அடித்து, வேண்டிய வெளிச்சத்தில் எட்டில் ஒரு பங்குதான் விழுந்திருக்கிறது. அந்தக் கையும் பொத்தானும் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் பச்சைக் கறுப்பு. மகனுக்கு இனி ஒரு காது குத்து கிடையாது.

காரணம் பேட்டரி அடாப்டர். இதற்கென்று இருந்தது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் என்பதால் அமெரிக்காவில் 1996இல் சட்டம் போட்டே நிறுத்தினார்கள், இப்போது எங்கும் கிடைக்காது. 6 வோல்ட் 4எல்ஆர்44 போட்டால் போதும், அந்த வித்தியாசத்தை இந்தச் சர்க்யூட் தாங்கிக்கொள்ளும். சிக்கல் வோல்டேஜில் இல்லை, அளவில். புதிய பேட்டரி குட்டை, ஒல்லி. நான் மிச்ச இடத்தில் அலுமினியத் தாளை உருட்டி அடைத்திருந்தேன். வீட்டில் வைத்து எடுத்தவரை ஒரு குறையும் இல்லை. கோயிலுக்குப் போன இரண்டரை மணி நேர பஸ் குலுக்கலில் தாள் நசுங்கித் தொடர்பு விட்டுவிட்டது.

இப்போது போட்டிருப்பது வேறு. கல்யாணப் பத்திரிகை அட்டையைக் குழலாகச் சுருட்டி பேட்டரியைச் சுற்றிப் போட்டேன், பக்கவாட்டில் ஆடாது. நீளத்துக்குப் பழைய டார்ச்சின் ஸ்பிரிங், அதன் ஒரு முனையில் பித்தளை வாஷரை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மூடியைத் திருகும்போது ஸ்பிரிங் அழுந்துவது விரலுக்குத் தெரிய வேண்டும். போன வாரம் உள்ளே ஈயம் விட்டுப்போன ஒயரையும் சேர்த்துப் பற்றவைத்தேன். மூன்றாவது தடவை பிரித்தது அதற்குத்தான்.

பின்பக்கப் பொத்தானை அழுத்தினால் பேட்டரிக்குப் பச்சை விளக்கு எரியும் என்பீர்கள். எரியும். ஆனால் காது குத்துகிற நேரத்தில் யார் கேமராவைத் திருப்பிப் பார்ப்பது? நான் வேறொன்று பழகிக்கொண்டேன். முன்னால் இருக்கும் வெளிச்சக் கண்ணை இடது விரலால் மூடிக்கொண்டு ஷட்டர் பொத்தானைப் பாதி அழுத்த வேண்டும். இருட்டு என்று நினைத்து மஞ்சள் விளக்கு எரிந்தே ஆக வேண்டும். எரிந்தால் உயிர் இருக்கிறது. கண்ணை வியூஃபைண்டரிலிருந்து எடுக்காமலே நாலைந்து படத்துக்கு ஒருதரம் இதைச் செய்கிறேன். இன்றுவரை மறுபடி ஒரு ரோலும் போகவில்லை. இருந்தும் ஒவ்வொரு தடவை அந்தக் கண்ணை மூடும்போதும் காது குத்து ஞாபகம் வந்து வயிறு எரிகிறது. உயிரோடிருக்கிறேன் என்று சொல்ல வியூஃபைண்டருக்குள் ஒரு விளக்கு கூடுதலாக இருந்திருக்கலாம்.

ஆகவே தம்பி, வாங்காதே. லென்ஸைப் பற்றி மேலே எழுதியதில் ஒரு வார்த்தையையும் மாற்றிக்கொள்ள மாட்டேன். இருந்தாலும் வாங்காதே. தங்கச்சி கழுத்தில் தாலி ஏறுகிற அந்த ஒரு நிமிஷத்தை, செத்துப்போனாலும் சொல்லாத ஒரு கேமராவை நம்பி விடாதே.

இல்லை, ஏற்கெனவே பணம் கொடுத்துவிட்டாய் என்றால் ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு வா. வரும்போது லீவரை ஒருதரம் இழுத்துக் கேட்டுக்கொண்டு வா, 'டொக்' வருகிறதா என்று. டியூப் துண்டும் ஸ்பிரிங்கும் என்னிடம் இருக்கின்றன. 4எல்ஆர்44 மட்டும் ஒன்றுக்கு இரண்டாக வாங்கி வந்துவிடு.