சென்னையிலிருந்து டோக்கியோ: எந்த ஊர் வழியாகப் போகலாம்?

சென்னைக்கும் டோக்கியோவின் நரிட்டா விமான நிலையத்துக்கும் எவ்வளவு தூரம் என்று தேடினால் சுமார் 6,490 கிலோமீட்டர், ஏழரை முதல் எட்டு மணி நேரம் என்று வரும். இடையில் எங்கும் இறங்காமல் போனால்தான் அந்தக் கணக்கு. 2019 அக்டோபரில் ஆல் நிப்பான் ஏர்வேஸ் என்ற ஜப்பானிய நிறுவனம் அப்படி ஒரு நேரடி விமானம் விட்டது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஜப்பானிய ஆலைகள் இருப்பதால் நிலைக்கும் என்று நம்பினோம். ஆறு மாதம் ஆவதற்குள் கொரோனா வந்து நின்றுபோனது. அப்புறம் நாங்கள் எல்லாம் மாறி ஏறித்தான் போகிறோம்.

தூரத்தை மட்டும் பார்த்தால் ஹாங்காங்தான் சிறந்தது. பூமி உருண்டையில் சென்னைக்கும் டோக்கியோவுக்கும் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அது மியான்மர், தென் சீனா மேலாகப் போகும். ஹாங்காங் அதற்குத் தெற்கே இருந்தாலும், அந்த வழியில் கூடும் தூரம் 200 கிலோமீட்டருக்குள்தான். பாங்காக் வழி என்றால் 400 கிலோமீட்டர் அளவுக்குக் கூடும். அதுவும் பெரிய சுற்று இல்லை. சிங்கப்பூர் வழியோ மொத்தம் 8,280 கிலோமீட்டர். கிட்டத்தட்ட 1,800 கிலோமீட்டர் அதிகம், அதாவது இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாகப் பறக்க வேண்டும்.

இருந்தும் அம்மாவை அழைத்துப்போனபோது சிங்கப்பூரைத்தான் தேர்ந்தெடுத்தேன். இரவில் ஏறினால் நாலு மணி நேரச் சொச்சத்தில் சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையம். அம்மா பல் விளக்கிவிட்டு, செருப்பைக் கழற்றி, கம்பளத் தரையில் காலை நீட்டிக்கொண்டு, பொடி தடவிய இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தார். முழங்கால் வலிக்காரருக்கு அந்த இடைவெளி பெரிய உதவி. அங்கிருந்து டோக்கியோவுக்கு ஒரு நாளில் பல விமானங்கள் உண்டு. ஒன்று தவறினாலும் இன்னொன்று கிடைக்க வாய்ப்பு அதிகம். தனியாக, கைப்பையோடு போவதென்றால் நான் ஹாங்காங் பக்கம்தான்.

எந்த வழியானாலும் இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகும்போது அடுத்ததற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள்.

திரும்பி வரும் நேரம் வேறு. ஜப்பானுக்கு மேலே உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடுகிறது. 1920களில் ஓயிஷி வசபுரோ என்ற வானிலை அறிஞர், இன்றைய நரிட்டாவுக்கு அருகே உள்ள தத்தேனோவிலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டு அதை அளந்தார். போகும்போது பின்னாலிருந்து தள்ளும் அந்தக் காற்று, வரும்போது முகத்தில் அடிக்கும். ஹாங்காங்கிலிருந்து போக நாலு மணி நேரம் என்றால், குளிர்காலத்தில் திரும்ப ஐந்து ஆகும். அதனால் வரும் வழியில் மாறி ஏறும் இடைவெளியைக் கொஞ்சம் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இறங்கும் இடத்தையும் பாருங்கள். நரிட்டா நகர மையத்திலிருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, டோக்கியோவின் இன்னொரு விமான நிலையமான ஹனேடா நகரத்துக்குள்ளேயே. இரவு பத்து மணிக்கு மேல் போய்ச் சேரும் விமானம் என்றால், கொஞ்சம் பணம் கூடினாலும் ஹனேடாவுக்கே எடுங்கள். நரிட்டாவில் பெட்டி வந்து சேர்வதற்குள் கடைசி ரயில் போய்விடலாம்.