பழத்தோட்டத்தில் ஈரம் நிற்க: மட்கா, மூடாக்கா, புதைப்பதா?

பயிர்க்கழிவை மட்கவைத்துப் போடலாம், அப்படியே மரத்தடியில் மூடாக்காகப் பரப்பலாம், குழிவெட்டிப் புதைக்கலாம். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதில்லை. மட்கு மண்ணுக்குள் நீரைப் பிடித்துவைக்கும். மூடாக்கு ஈரம் ஆவியாகாமல் தடுக்கும். ஆகவே எது நல்லது என்பதை மண்தான் சொல்லவேண்டும்.

மணற்பாங்கான மண்ணில் மட்குக்கே முதலிடம். அங்கே நீர் வேர்களைத் தாண்டிக் கீழே இறங்கிவிடுகிறது. மேலே எவ்வளவு மூடினாலும் அந்த இழப்பு நிற்காது. களிமண்ணுக்கு நீரைப் பிடிக்கும் குணம் ஏற்கெனவே உண்டு. மேற்பரப்பு இறுகி மழைநீர் வழிந்தோடுவதும் வெயிலில் வெடிப்பதும்தான் அதன் சிக்கல். அதற்கு மூடாக்கிலிருந்து தொடங்கலாம்.

மூடாக்குக்கு உழைப்பு குறைவு. முதலில் நன்றாக நீர் பாய்ச்சிவிட்டு, வைக்கோலையோ சருகையோ 8 முதல் 10 செ.மீ. கனத்துக்குப் பரப்புங்கள். அடிமரத்தைச் சுற்றி 20 செ.மீ. வெறுமையாக இருக்கட்டும், ஒட்டிக் கிடந்தால் பட்டை அழுகும், எலியும் கடிக்கும். சிறு தூறலை உலர்ந்த மூடாக்கே உறிஞ்சிவிடும் என்பதால் சொட்டுநீர்க் குழாய் அதற்கு அடியில் போகவேண்டும்.

மட்கு தயாரிப்பில்தான் கவனம் அதிகம் தேவை. கரிமமும் தழைச்சத்தும் 30:1 அளவில் அமையும்படி காய்ந்த கழிவோடு பச்சைத் தழையோ சாணமோ கலந்து, 1.2 முதல் 1.5 மீட்டர் உயரத்துக்குக் குவியுங்கள். ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் ஓரிரு துளி கசியவேண்டும். ஒழுகினால் காற்றில்லாமல் அழுகி நாறும்; கை நனையவே இல்லையென்றால் குவியல் சூடேறாது. உள்ளே 55 முதல் 65 டிகிரி செல்சியஸ் வரை ஏறினால்தான் களைவிதையும் நோய்க்கிருமியும் சாகும். சூடு தணியும்போது ஓரத்தில் இருப்பது நடுவுக்கு வரும்படி புரட்டுங்கள். புரட்டியும் சூடேறாமல், மண்வாசனை வந்த பிறகே தோட்டத்துக்குக் கொண்டுபோகலாம்.

பலரும் தவறுவது அளவில்தான். 1.5 மீட்டர் ஆரமுள்ள வட்டப்பாத்தியில் 3 செ.மீ. பரப்பவே சுமார் 210 லிட்டர் மட்கு வேண்டும். கழிவோ மட்கும்போது பாதிக்கும் மேல் சுருங்கிவிடும். கையிருப்பு குறைவென்றால் எல்லா மரத்துக்கும் ஒரு பிடி தூவுவது வீண். இளமரங்களுக்கு மட்டும் முழு அளவு கொடுத்து, மற்றவற்றுக்கு மூடாக்கு போடுவதே மேல்.

புதைப்பதை நாங்கள் பரிந்துரைப்பதில்லை. வைக்கோலில் கரிமமும் தழைச்சத்தும் 80:1 அளவில் இருப்பதால், அதைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் மண்ணிலுள்ள தழைச்சத்தை இழுத்துக்கொள்ளும், இலை மஞ்சளாகும். குழி வெட்டும்போது உறிஞ்சுவேர்களும் அறுபடும். நடவுக்குழியில் புதைத்தாலோ, கழிவு சுருங்கச் சுருங்கக் கன்று கீழிறங்கி, ஒட்டுக் கட்டிய இடம் மண்ணுக்குள் போய்விடும்.

இரண்டுக்கும் வசதியிருந்தால் மட்கு கீழே, மூடாக்கு மேலே. மட்கைத் திறந்த வெயிலில் விட்டால் காய்ந்து, நீரை உள்ளே விடாமல் தள்ளும்.

வெளியிலிருந்து வாங்கும் வைக்கோலில் மட்டும் எச்சரிக்கை. குளோபைராலிட் போன்ற களைக்கொல்லிகள் மட்கிய பிறகும் எஞ்சியிருக்கும். அந்த மட்கு கலந்த தொட்டியில் சில பீன்ஸ் விதைகளை ஊன்றிப் பாருங்கள்; புதிய இலைகள் சுருண்டு முறுக்கிக்கொண்டு வந்தால் அதை மரத்தடிக்குக் கொண்டுபோக வேண்டாம்.